'டம்மி' குண்டுகளைத் தேடித் தேடிச் சேகரிக்கும் மனிதர்கள்: நீல பெயின்ட் அடித்தால் வெடிக்காதா? 'இனெர்ட்' என்றால் உண்மையில் என்ன?

2022 ஏப்ரல் மாதம். இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம், பையில் இருந்து ஒரு பொருளை எடுத்து ஊழியர்களிடம் காட்டி, இதை சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டது. கோலன் குன்றுகளைச் சுற்றிப் பார்த்தபோது தரையில் கிடந்த பழைய பீரங்கிக் குண்டு அது. வெடிக்காத குண்டு. அவ்வளவுதான், பயணிகள் தலைதெறிக்க ஓடினார்கள். லக்கேஜ் பெல்ட் மீது ஏறி ஓட முயன்ற ஒருவர் காயமடைந்தார். விசாரணைக்குப் பிறகு அந்தக் குடும்பம் விமானம் ஏற அனுமதிக்கப்பட்டது.

அந்தக் குடும்பத்துக்கு அது ஊருக்கு எடுத்துப்போக ஒரு ஞாபகப் பொருள். ஆனால், குண்டுகளை முறைப்படி சேகரிப்பவர்கள் என்றே உலகில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஸ்டாம்ப், பழைய நாணயம் சேகரிப்பது போல இவர்கள் வெடிமருந்து நீக்கப்பட்ட ஷெல்கள், பயிற்சிக் கையெறி குண்டுகள், டம்மி தோட்டாக்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். இதற்கென்று சங்கம், கண்காட்சி, ஆய்விதழ் எல்லாமே உண்டு.

இது என்ன மாதிரியான ஹாபி? 'பயிற்சிக் குண்டு' என்றாலே ஆபத்து இல்லை என்று அர்த்தமா? இந்தியாவில் இதை வீட்டில் வைத்திருக்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

'இனெர்ட்' என்றால் என்ன?

ஒரு பீரங்கிக் குண்டில் ஆபத்தான பகுதிகள் பல இருக்கின்றன. குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்து, அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ், குண்டைக் குழாயிலிருந்து தள்ளும் மருந்து, அந்த மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர். இவற்றில் எதுவுமே இல்லாத வெறும் உலோகக் கூடுதான் 'இனெர்ட்'.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், எதுவுமே இருக்கக் கூடாது என்பதுதான். குண்டு காலியாக இருந்து, ஃபியூஸில் மட்டும் துளி மருந்து மிச்சம் இருந்தாலும் அது இனெர்ட் இல்லை. அந்தத் துளி போதும், விரல்களையும் கண்களையும் பறிக்க.

டம்மி, டிரில், பிராக்டிஸ்... எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'டம்மி' என்று சொல்லிவிடுகிறோம். ராணுவத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி அர்த்தம் உண்டு.

- டிரில் ரவுண்ட்: துப்பாக்கியில் எப்படி லோடு செய்வது, எப்படி வெளியே எடுப்பது என்று கைப்பழக்கம் வருவதற்காகச் செய்யப்படுவது. இதில் மருந்தே கிடையாது. இருட்டில் தொட்டால்கூடத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தோட்டா உறையில் நீளவாக்கில் பள்ளங்கள் அல்லது துளைகள் போட்டிருப்பார்கள்.

- பிராக்டிஸ் ரவுண்ட்: இது நிஜமாகவே சுடவோ எறியவோ செய்யும் பயிற்சிக்கானது. விழுந்த இடம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் புகை மருந்து இருக்கும். அதாவது, இது 'பயிற்சிக் குண்டு'தான். ஆனால் இனெர்ட் இல்லை.

- பிளாங்க்: சத்தமும் தீப்பொறியும் வரும், முன்னால் குண்டு மட்டும் இருக்காது. மருந்தும் ப்ரைமரும் நிஜம்.

- கட்-அவே: உள்ளே என்ன இருக்கிறது என்று வகுப்பில் காட்டுவதற்காகப் பாதியாக வெட்டப்பட்ட குண்டு. சேகரிப்பாளர்கள் மத்தியில் இதற்குத்தான் மவுசு அதிகம்.

உதாரணத்துக்கு, அமெரிக்க ராணுவத்தின் எம்69 பயிற்சிக் கையெறி குண்டை எடுத்துக்கொள்வோம். நீல நிற இரும்பு உடல், அடியில் ஒரு துளை. மேலே திருகப்படும் ஃபியூஸ் மட்டும் நிஜம். பின்னை இழுத்து எறிந்தால் சில நொடிகளில் 'டப்' என்ற சத்தத்தோடு துளை வழியாகப் புகை வரும். பிறகு புது ஃபியூஸ் மாட்டி அதே உடலைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இந்த எம்69 யாரிடமாவது பயன்படுத்தாத ஃபியூஸோடு இருந்தால் அது காட்சிப் பொருள் இல்லை, உயிருள்ள வெடிபொருள்.

விமானிகள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பிடியு-33 குண்டும் இப்படித்தான். சுமார் 25 பவுண்டு எடை, நீல நிறம். நடுவில் உள்ள குழாயில் புகை கக்கும் ஒரு கேட்ரிட்ஜ் வைக்கப்படும். அது செலவாகிவிட்டதா இல்லையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு. இப்போதைய அமெரிக்க ராணுவ விதிப்படி கரும்பச்சை உடலில் மஞ்சள் எழுத்து என்றால் சக்திவாய்ந்த வெடிமருந்து. நீலம் என்றால் பயிற்சிக்கானது. வெண்கல நிறம் என்றால் மருந்தே இல்லாத டிரில் வகை. நீலத்தோடு பழுப்புப் பட்டையும் இருந்தால் உள்ளே குறைந்த சக்தி மருந்து இருக்கிறது என்று பொருள்.

ஆனால் இந்த விதி எல்லா நாட்டுக்கும், எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. ஒரு காலத்தில் அமெரிக்காவே வெடிமருந்து நிரப்பிய குண்டு முழுவதற்கும் மஞ்சள் பெயின்ட் அடித்தது. தூரத்தில் இருந்தே எதிரி கண்ணில் படுகிறது என்பதால் இரண்டாம் உலகப்போர் காலத்தில் கரும்பச்சைக்கு மாறியது. ஜெர்மனியின் கைப்பிடி வைத்த பயிற்சிக் கையெறி குண்டின் தலைப்பகுதி சிவப்பாக, சுற்றிலும் துளைகளோடு இருக்கும். சிவப்பு என்றாலே ஆபத்து என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ்.

அதோடு, பெயின்ட் என்பது யார் வேண்டுமானாலும் அடிக்கக்கூடியது. விலை கூடும் என்பதற்காகச் சாதாரண ஷெல்லுக்கு அரிய பயிற்சிக் குண்டின் நிறம் பூசி விற்பவர்களும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் நிறத்தை ஒரு துப்பாக மட்டுமே பார்ப்பார்கள். அது ஆதாரம் ஆகாது.

நிஜக் குண்டைவிட டம்மிக்கு ஏன் மவுசு?

காரணம் எளிது. போருக்கான குண்டுகள் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் தயாராகும். பிரிட்டனின் புகழ்பெற்ற 'மில்ஸ்' கையெறி குண்டு 1915-ல் அறிமுகமாகி, கோடிக்கணக்கில் தயாரானது. பயிற்சிப் பொருட்கள் அப்படி இல்லை. ஒரு பயிற்சிப் பள்ளிக்குச் சில பெட்டிகள் போதும். அதே டம்மி தோட்டாவை நூற்றுக்கணக்கான வீரர்கள் மாற்றி மாற்றி லோடு செய்து தேய்த்துவிடுவார்கள். தேய்ந்ததும் நேராக உலைக்குப் போகும். யாரும் பத்திரப்படுத்துவதில்லை.

சில ஆயுதங்கள் சோதனையோடு நின்றுபோனவை. அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி பயிற்சி மாதிரிகள்தான்.

கடலுக்கடியில் கிடந்த 'துள்ளும் குண்டு'

இதற்கு நல்ல உதாரணம் 'ஹைபால்'. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ், தண்ணீர் மீது கல்லைத் தவளைபோலத் துள்ளவிடுவது மாதிரி துள்ளிப் போய் இலக்கைத் தாக்கும் குண்டுகளை வடிவமைத்தார். அதில் 'அப்கீப்' என்ற பெரிய வகை, 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் பயன்பட்டது. 'ஹைபால்' என்ற சிறிய, உருண்டையான வகை எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்கானது. குறிப்பாக ஜெர்மனியின் 'டிர்பிட்ஸ்' போர்க்கப்பலுக்குக் குறி வைக்கப்பட்டது.

ஸ்காட்லாந்தின் லாக் ஸ்ட்ரைவன் என்ற கடல் ஏரியில் பழைய பிரெஞ்சு போர்க்கப்பல் ஒன்றை நிறுத்தி, அதன் மீது வெடிமருந்து இல்லாத ஹைபால்களை வீசிச் சோதித்தார்கள். ஆனால் போரில் ஹைபால் பயன்படுத்தப்படவே இல்லை. சோதனையில் வீசியவை ஏரியின் அடியிலேயே கிடந்தன. 2017 ஜூலையில் தன்னார்வ டைவர்களும் பிரிட்டன் கடற்படையும் சேர்ந்து இரண்டை மேலே கொண்டுவந்தனர். இப்போது அவை பிரிட்டன் அருங்காட்சியகங்களின் சொத்து.

ஒரு போர் ஆயுதம் எப்படி இருந்தது, எப்படிச் செய்தார்கள் என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள டம்மிகளே வழி. சேகரிப்பாளர்கள் சொல்லும் நியாயமும் இதுதான்.

தோட்டாவின் அடியில் ஒரு ஜாதகம்

இந்த ஹாபியில் அதிகம் பேர் இருப்பது சிறிய தோட்டாக்கள் பக்கம். தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பகுதியில் சிறு எழுத்துகளும் எண்களும் இருக்கும். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்பதை அதிலிருந்து படித்துவிடலாம். 'கே.எஃப்' என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது புனே அருகே கட்கியில் உள்ள இந்திய வெடிபொருள் தொழிற்சாலை. 'எஃப்.ஏ' என்றால் அமெரிக்காவின் ஃபிராங்ஃபோர்ட் ஆர்செனல்.

ஒரே வகை டிரில் தோட்டாவை ஆண்டுவாரியாக, தொழிற்சாலைவாரியாகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1955-ல் தொடங்கப்பட்ட சர்வதேச வெடிபொருள் ஆர்வலர் சங்கம் இன்றும் ஆய்விதழ் நடத்துகிறது. ஐரோப்பாவிலும் இதேபோன்ற சங்கம் இயங்குகிறது. அடையாளம் தெரியாத தோட்டா கிடைத்தால் காவல்துறையும் ஆய்வாளர்களும் தேடும் தகவல்களில் ஒரு பகுதி, இந்த ஆர்வலர்கள் தொகுத்ததுதான்.

வெளியே ஒன்று, உள்ளே வேறு

தோற்றத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு 1945-ல் நடந்தது ஒன்றே போதும். நாகசாகியில் வீசப்பட்ட 'ஃபேட் மேன்' அணுகுண்டின் அதே வடிவத்தில், பயிற்சிக்காக 'பம்ப்கின்' என்ற குண்டுகளை அமெரிக்கா தயாரித்தது. அணுப்பொருள் கிடையாது. சிலவற்றில் எடைக்காகச் சிமென்ட் கலவை நிரப்பப்பட்டது. சிலவற்றில் நிஜ வெடிமருந்து. வெடிமருந்து நிரப்பிய 49 பம்ப்கின் குண்டுகள் 1945 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஜப்பான் நகரங்கள் மீது வீசப்பட்டன. மக்கள் உயிரிழந்தனர்.

அதாவது ஒரே பெயர், ஒரே வடிவம். ஒன்றில் சிமென்ட், இன்னொன்றில் மரணம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெடிக்காது என்பதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 1960-களில் அமெரிக்காவின் 'டேவி கிராக்கெட்' என்ற சிறிய அணு ஆயுதத்துக்குக் குறி பார்ப்பதற்காக எம்101 என்ற 20 மில்லிமீட்டர் பயிற்சிக் குண்டு பயன்பட்டது. அதன் உடலில் இருந்தது தேய்ந்த யுரேனியம் கலந்த உலோகம். ஹவாயில் உள்ள பயிற்சித் தளத்தில் அதன் எச்சங்கள் 2005-ல் கண்டுபிடிக்கப்பட்டன.

1600 குண்டுகளுக்குப் பிறகு நடந்த விபத்து

2008 பிப்ரவரி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். அமெரிக்க உள்நாட்டுப் போர் காலக் குண்டுகளைச் சேகரித்துச் சுத்தம் செய்வதில் பல ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், தன் வீட்டு முன்பு கடற்படைப் பீரங்கிக் குண்டு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அதுவரை அவர் சுமார் 1600 குண்டுகளைச் செயலிழக்கச் செய்திருந்தார். அந்தக் குண்டு வெடித்தது. அவர் அங்கேயே உயிரிழந்தார். அரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்த இன்னொரு வீட்டின் முகப்பைத் துளைத்தது ஒரு துண்டு.

அந்தப் போர் முடிந்தது 1865-ல். அதாவது, 140 ஆண்டுகளுக்கும் மேல் பழைய குண்டு.

பழசானால் மருந்து செத்துப்போகும் என்பது பலரும் நம்பும் விஷயம். இது தப்பு. கருமருந்து உலர்ந்திருக்கும்வரை வீரியத்தோடு இருக்கும். முதல் உலகப்போர் ஷெல்களில் பயன்பட்ட பிக்ரிக் அமிலம், உலோகத்தோடு சேர்ந்து இன்னும் எளிதில் வெடிக்கும் உப்புகளாக மாறக்கூடியது. சில குண்டுகள் வயதாக ஆக ஆபத்து கூடுபவை.

பெல்ஜியம், பிரான்ஸ் விவசாயிகளுக்கு இது தினசரி அனுபவம். உழும்போது முதல் உலகப்போர் குண்டுகள் மேலே வருவதை அங்கே 'இரும்பு அறுவடை' என்றே சொல்கிறார்கள். பெல்ஜியம் ராணுவம் ஆண்டுதோறும் டன் கணக்கில் இவற்றைச் சேகரித்து அழிக்கிறது. 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் அப்படி ஒரு குண்டு வெடித்து இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். போர் தொடங்கி 100 ஆண்டு ஆகும் வேளையில்.

அப்படியானால் சேகரிப்பாளர்கள் எதை நம்புகிறார்கள்?

பொறுப்பான சேகரிப்பாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் விதிகள் இவை:

- மண்ணில் கிடைத்ததைத் தொடுவதே இல்லை. ராணுவமோ அருங்காட்சியகமோ முறைப்படி விற்ற பொருளை மட்டும் வாங்குவார்கள்.

- எழுத்துப்பூர்வச் சான்று கேட்பார்கள். பிரிட்டனில் 'வெடிமருந்து அறவே இல்லை' என்று சான்றளிக்கும் 'எஃப்.எஃப்.இ' முறை நடைமுறையில் உள்ளது.

- உள்ளே காலி என்பதைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். உடலில் துளை, வெட்டுமுகம், திறந்த அடிப்பகுதி போன்றவை.

- சந்தேகம் என்றால் தாங்களே திறந்து பார்க்க மாட்டார்கள். வெடிகுண்டு நிபுணர்களை அழைப்பார்கள்.

கடைசி விதிதான் ரொம்ப முக்கியம். இனெர்ட் என்பதை ஒரு பொருளின் தோற்றம் சொல்லாது. அந்தப் பொருள் கடந்து வந்த வழிதான் சொல்லும். யார் காலி செய்தார்கள், யார் சரிபார்த்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை என்றால், அது இனெர்ட் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் கையெறி குண்டு, வெடிமருந்து உள்ள ஷெல் போன்றவை 'அழிவு ஏற்படுத்தும் கருவி' என்ற பிரிவில் வரும். ஏவுகணை வகையில் கால் அவுன்ஸ், அதாவது சுமார் 7 கிராமுக்கு மேல் வெடிமருந்து இருந்தாலே இந்தப் பிரிவுதான். பதிவு செய்து 200 டாலர் வரி கட்ட வேண்டும். மருந்து இல்லாத வெறும் கூடு பொதுவாக இதில் வராது. பிரிட்டனிலும் மருந்தும் ப்ரைமரும் இல்லாத பொருட்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விமான நிலையத்தில் இந்தச் சலுகை கிடையாது. அமெரிக்க விமான நிலையங்களில் கையெறி குண்டின் பொம்மை வடிவத்தைக்கூடக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பையிலும் போட முடியாது. ஸ்கேனரில் பார்ப்பவருக்கு அது நிஜமா டம்மியா என்று தெரியாது. அதனால் மொத்த வரிசையும் நிற்கும்.

இந்தியாவில் வைத்திருக்கலாமா?

இங்கே கவனமாக இருக்க வேண்டும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்பதற்கான விளக்கத்திலேயே ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு, ஷெல் எல்லாம் வருகின்றன. ஃபியூஸும், வெடிபொருளின் பாகங்களும்கூட அதில் உண்டு. தடை செய்யப்பட்ட வெடிபொருளை மத்திய அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது.

அதே சட்டத்தின் 45-வது பிரிவு சில விலக்குகளையும் தருகிறது. பயன்படுத்தவே முடியாத, தொன்மை மதிப்புள்ள பழைய ஆயுதங்கள் ஒரு வகை. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்கள் இன்னொரு வகை. ஆனால் உங்கள் கையில் இருப்பது விலக்கில் வருமா என்று நீங்களே முடிவு செய்ய முடியாது.

பையில் ஒரே ஒரு தோட்டா இருந்ததால் விமான நிலையத்தில் வழக்கில் சிக்கியவர்கள் நம் நாட்டில் நிறைய பேர். பொருள் தன்னிடம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 1972-லேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. பலர் விடுவிக்கப்பட்டும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குள் விமானமும் போயிருக்கும், கோர்ட்டுக்கு அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

தாத்தா ராணுவத்தில் இருந்தார், அவர் வைத்திருந்த காலி ஷெல் ஒன்று வீட்டில் இருக்கிறது என்றால், அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி வழி கேட்பதே நல்லது.

நம் ஊரில் குண்டைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பாதுகாப்பான இடம் அருங்காட்சியகம்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் சென்னை மீது குண்டு வீசி, துறைமுகம் அருகே எண்ணெய்க் கிடங்குகளைப் பற்ற வைத்தது. அந்தத் தாக்குதலின் நினைவாகச் சென்னை உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எம்டன் வீசிய குண்டின் எச்சத்தைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

காயலாங்கடை வரை வரும் ஆபத்து

இது ஹாபிக்காரர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. 2004 செப்டம்பர் இறுதியில் டெல்லி அருகே காஜியாபாத்தில் ஒரு உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த இரும்புக் கழிவில் கலந்திருந்த ஷெல் வெடித்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஸ்கிராப் என்று சொல்லி வந்த சரக்கு அது. உள்ளே மருந்து இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் ஸ்கிராப் இறக்குமதிக்கு, கப்பலில் ஏற்றும் முன்பே சோதனைச் சான்று கேட்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே மானாமதியில், குளத்தைத் தூர்வாரும்போது கிடைத்த மர்மப் பொருளைக் கையில் எடுத்தபோது அது வெடித்தது. இதில் உயிரிழப்பு ஏற்பட்டது.

கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

- தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். துரு பிடித்திருக்கிறது, ஓட்டை இருக்கிறது, நீலமாக இருக்கிறது என்பதெல்லாம் காரணம் ஆகாது.

- தண்ணீர் ஊற்றுவது, மண்ணைச் சுரண்டுவது கூடாது.

- பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். குழந்தைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

- வந்த வழியே திரும்பி, நன்றாகத் தள்ளிப்போய் 100 அல்லது 112-க்கு அழையுங்கள். இடத்துக்கு அடையாளம் சொல்லுங்கள்.

- இரும்புக் கடைக்காரர்கள், எடைக்கு வரும் பொருளில் ஷெல் போன்ற வடிவம் தெரிந்தால் வெட்டவோ சூடாக்கவோ கூடாது. கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பவும் கூடாது.

1600 குண்டுகளைக் கையாண்டவருக்கே ஒரு குண்டு ஏமாற்றம் கொடுத்தது. முதல்முறை பார்ப்பவருக்கு அது டம்மியா நிஜமா என்று தெரிய வாய்ப்பே இல்லை. தெரியாததை நிஜம் என்று நினைத்துத் தள்ளி நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.